நானூறு மூட்டை என்று வாசிக்கப்பட்ட நாற்பது

யுனிக்ஸ் கணினிகளுக்கான லூவா என்ற நிரலாக்க மொழியின் பொதி (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்) ஒன்றைக் கிளிநொச்சியில் இருந்து சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். 1993இல் பிரேசிலின் ரியோ நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி. மூலநிரல் முழுவதும் சுருக்கிய கோப்பாக 400 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். இங்கே சிக்னல் விட்டுவிட்டு வரும் நேரத்திலும் இறங்கிவிடும். இவ்வளவு சின்னதுதானே, பழையதை அழித்துப் புதியதைப் போட்டால் சரி என்றே நானும் நினைத்திருந்தேன்.

ஒரு காலபோக அறுவடை நேரம். பரந்தன் பக்கம் நெல் வாங்கும் களஞ்சியம் ஒன்றில் துண்டு அடிக்கும் நிரல் லூவாவில் ஓடியது. 2400 கிலோவை 60ஆல் வகுத்து மூட்டைக் கணக்குப் போடும். அன்று '40' வரவேண்டிய இடத்தில் '40.0' என்று வந்தது. அச்சுப்பொறியின் ரிப்பன் மங்கியிருந்ததால் புள்ளி விழவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஐயா கேட்டார்: "தம்பி, நான் கொண்டு வந்தது நாற்பது மூட்டை. இதில நானூறு எண்டெல்லோ கிடக்கு?"

பிழை என்னுடையது. பொதியை 5.1 என்ற பழைய பதிப்பிலிருந்து 5.4க்கு உயர்த்தி, 'லூவா' என்ற கட்டளையையும் புதியதற்கே கொடுத்திருந்தேன். 2015இல் வந்த 5.3 முதல் முழு எண்ணும் தசம எண்ணும் வேறுவேறு. சாதாரண வகுத்தலின் விடை எப்போதும் தசமமாகவே வரும். இரட்டைச் சாய்கோடு போட்டால் முழு எண் வரும், ஆனால் அது 5.1க்குப் புரியாது. விடையைக் கீழ்நோக்கி முழுமையாக்கும் 'ஃபுளோர்' செயற்கூறு எல்லாப் பதிப்பிலும் '40' என்றே தரும். அதையே போட்டுக் கொடுத்தேன்.

லூவாவில் 5.3, 5.4 என்பவை தனித்தனிப் பதிப்புகள். ஒன்றுக்காகத் தொகுத்த, சி மொழியில் எழுதிய துணை நூலகம் மற்றதில் ஏறாது. பிழை திருத்தம் மட்டும் வருவது மூன்றாவது இலக்கத்தில்தான் (5.4.6இல் வரும் 6 போல). ஆகவே பொதி செய்கிறவர்கள் பதிப்பு எண்ணைப் பெயரிலேயே சேர்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க விடுங்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அப்படித்தான் இருக்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே எந்தப் பதிப்பு வேண்டும் என்று குறித்துவிடுங்கள். தயவுசெய்து அறுவடைக்காலத்தில் எதையும் உயர்த்தாதீர்கள்.

இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் அந்த 2400ஐ 60ஆல் வகுத்துப் பார்க்கும் சோதனை என் பொதியில் ஓடுகிறது. '40' வராவிட்டால் பொதி வெளியே போகாது.