விரிசலை முதலில் பார்ப்பவர்கள்

"நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது சார். திடீரென்று உடைந்துவிட்டது." உடைந்த பாகத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் உடைந்த பாகங்களை ஆய்வு செய்வதும், உடையும் முன்னரே விரிசலைத் தேடிப் பிடிப்பதும் என் தொழில். கன்டெய்னர் டிரெய்லரின் ஸ்பிரிங் ஹேங்கர், கிரேன் கொக்கி, காசிமேட்டு விசைப்படகின் புரொப்பல்லர் தண்டு என்று எத்தனையோ வருகின்றன. அவற்றில் உண்மையிலேயே திடீரென்று உடைந்தவை மிகக் குறைவு. மற்றவை மாதக்கணக்கில், சில ஆண்டுக்கணக்கில், யாரும் கவனிக்காமல் உடைந்துகொண்டே இருந்தவை.

இதை ஊகித்துச் சொல்லவில்லை. உடைந்த முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அலை வந்து வந்து திரும்பிய ஈர மணலில் வளைவு வளைவாகக் கோடு விழுந்திருக்குமே, அதைப் போன்ற வரிகள் ஓரிடத்திலிருந்து விரிந்து செல்லும். எல்லா வரிகளும் எந்த மூலையை நோக்கிக் குறுகுகின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்திருக்கும். பெரும்பாலும் அது வெல்டிங் முடியும் ஓரமாகவோ, தண்டில் கீவே, அதாவது ஆப்பு பொருந்தும் பள்ளம், வெட்டிய கூர்மூலையாகவோ இருக்கும். வரிகள் ஓடிய பகுதி வழவழப்பாகவும் துருவேறியும் கிடக்கும். கடைசியில் ஒரே இழுப்பில் அறுந்த பகுதி மட்டும் சொரசொரப்பாகப் புதிதாகத் தெரியும். அந்தச் சொரசொரப்பான பகுதி எவ்வளவு சிறியதோ, அவ்வளவு பெரும்பங்கை இழந்த பிறகும் அந்த இரும்பு பாரம் சுமந்திருக்கிறது.

இரும்பு ஒரு முறை தாங்கும் பாரத்தை எப்போதும் தாங்கிக்கொண்டே இருக்காது என்பதை உலகம் விலை கொடுத்துத்தான் கற்றது. 1842 மே மாதம் பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் 1850களின் பிற்பகுதியிலிருந்து 1870 வரை அச்சுகளை ஆய்ந்து, எவ்வளவு தகைவை, அதாவது குறிப்பிட்ட பரப்பின் மீது வரும் விசையை, எத்தனை முறை மாற்றி மாற்றிக் கொடுத்தால் முறியும் என்று கணக்கெடுத்தார். நம் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட 1856ஆம் ஆண்டும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். இன்றும் ரயில்வே பணிமனைகளில் அச்சைக் கழற்றியதும் மீயொலி ஆய்வு செய்த பிறகே திரும்பப் பூட்டுகிறார்கள். வோலர் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி அது.

இந்தத் துறைக்குத் திடப்பொருள் இயக்கவியல் என்று பெயர். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் தகைவு, திரிபு, ஹூக் விதி என்று படித்தோமே, அதன் நீட்சிதான். பாலம், கப்பல், ரயில் பெட்டி, அணு உலைக் குழாய், எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடு என்று பாரம் தாங்கும் எதுவும் இதற்குள் வரும்.

வடசென்னையில் எல்லோரும் அறிய வேண்டிய ஒரு கணக்கு உண்டு. வெல்டிங் செய்த எஃகு இணைப்பின் ஆயுள், அதில் ஏறி இறங்கும் தகைவின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. தகைவு இரு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். தகைவு கால் பங்கு கூடினாலே ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் இடையே அதிகப் பாரம் ஏற்றி ஓட்டும்போது, "வண்டி தாங்குகிறதே" என்று நினைக்கிறோம். தாங்கத்தான் செய்கிறது, பத்து ஆண்டு உழைக்க வேண்டிய இணைப்பு ஐந்து ஆண்டில் தீர்ந்துபோகிறது. விலை உயர்ந்த, வலிமை மிகுந்த எஃகு வாங்கினால் தப்பிக்கலாம் என்பதும் நடக்காது. வெல்டிங் ஓரத்தில் பிறக்கும் விரிசலுக்கு எஃகின் தரம் பெரிய பொருட்டே இல்லை. ஓரத்தை மழுமழுப்பாகக் கிரைண்டிங் செய்வது அதைவிட அதிகம் உதவும்.

மணலி விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு டிரெய்லர் பட்டறையில் கிளீனராக இருக்கும் இளைஞர் ஒருவர் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வண்டிக்கு அடியில் கூட்டிச் சென்றார். ஸ்பிரிங் ஹேங்கர் சேசிஸோடு சேரும் வெல்டிங் முனையில், பெயிண்டின் மேல் மயிரிழை அகலத்தில் ஒரு துருக்கோடு. "போன வாரம் வண்டி கழுவும்போதே பார்த்தேன் சார். துடைத்தேன், மறுபடி வந்துவிட்டது" என்றார். பெயிண்டைச் சுரண்டி, கிரீஸ் போகத் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்துப் பத்து நிமிடம் காத்திருந்தோம். பிறகு துணியால் மேற்பரப்பை ஒற்றி எடுத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளித்தோம். வெள்ளையின் மேல் சிவப்பு மெல்லக் கசிந்து கோடாக எழுந்தது. துருக்கோட்டின் நீளம் இரண்டு விரல் அகலம்தான். சிவப்புக் கோடோ அதைத் தாண்டிச் சேசிஸின் அடித்தகட்டுக்குள் நுழைந்திருந்தது.

பட்டறையின் மூத்த வெல்டர், "மேலே ஒரு தகடு வைத்து அடித்துவிடலாமா தம்பி?" என்று கேட்டார். நான் அண்ணன் என்று அழைக்கும் மனிதர், கை அவ்வளவு சுத்தம். ஆனால் தகடு வைத்து மூடினால் விரிசல் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும், இனி யார் கண்ணிலும் படாது. தகடு முடியும் இடத்தில் புதிதாக ஒரு வெல்டிங் ஓரமும் உண்டாகிவிடும்; அடுத்த விரிசல் அங்கே பிறக்கும். செய்ய வேண்டியது வேறு. விரிசலின் இரு முனைகளையும் சாயத்தால் கண்டுபிடித்து, சாயம் எந்தக் கோட்டையும் காட்டாத அளவுக்கு முழுவதையும் கிரைண்டிங் செய்து அகற்ற வேண்டும். தகட்டின் தடிமனுக்கு ஏற்ப முன்சூடு கொடுத்து, அடுப்பில் உலர்த்திய, ஹைட்ரஜன் குறைந்த வகையான 7018 வெல்டிங் ராடால் நிரப்பி, ஓரத்தை மழுப்பிவிட்டு மறுபடியும் சாயம் அடித்துப் பார்க்க வேண்டும். எளிதில் பற்றிக்கொள்கிறது என்பதற்காக 6013 ராடையோ, திறந்த பாக்கெட்டில் ஈரம் இழுத்த ராடையோ இந்த இடத்தில் பயன்படுத்தக் கூடாது. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டிங்கிலேயே புது விரிசலை உண்டாக்கும். விரிசல் முனையில் துளையிடுவது வளர்ச்சியைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அன்று அண்ணன் ஏறக்குறைய முழுப் பிற்பகலையும் அந்த ஒரு மூலைக்கே கொடுத்தார்.

சாய ஆய்வு மேற்பரப்பை எட்டிய விரிசலை மட்டுமே காட்டும். உள்ளே புதைந்திருப்பதற்கு மீயொலியோ, கதிர்வீச்சால் படமெடுக்கும் ரேடியோகிராபியோ வேண்டும். சாயத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படகுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உலர்ந்த காற்றில் எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழான தகைவை எத்தனை முறை கொடுத்தாலும் பெரும்பாலும் முறியாது. கடல்நீரில் அந்த வரம்பே கிடையாது. சிறிய தகைவும் போதுமான முறை வந்தால் தண்டை முறிக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போது பெயிண்ட் அடிப்பதோடு நிறுத்தாமல், புரொப்பல்லர் தண்டின் கீவே மூலையைச் சுத்தம் செய்து சாயம் அடித்துப் பாருங்கள். நடுக்கடலில் தண்டு முறிந்து, இழுத்துவர இன்னொரு படகுக்குக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆராய்ச்சிக்கும் பட்டறைக்கும் தொலைவு அதிகம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த நினைப்பை உடைக்கத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். கணினியில் பாகத்தை வரைந்து, சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துத் தகைவைக் கணக்கிடும் மென்பொருளைக் கல்லூரியில் எல்லோரும் பார்க்கிறார்கள். நீலம், பச்சை, சிவப்பு என்று படம் வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். உள்நோக்கி மடங்கும் ஒரு கூர்மூலையை எடுத்துக்கொண்டு, கட்டங்களைப் பாதியாகச் சிறிதாக்கிக் கணக்கிடச் சொல்லுங்கள். தகைவு கூடும். இன்னும் சிறிதாக்கினால் இன்னும் கூடும், முடிவே இருக்காது. அந்த எண்ணைக் கொண்டு முறியுமா, தாங்குமா என்று சொல்லவே முடியாது. இந்த முட்டுச்சந்திலிருந்து வழி காட்டியது 1920இல் ஏ.ஏ. கிரிஃபித் கண்ணாடியில் செய்த ஆய்வு. விரிசல் வளரத் தேவையான ஆற்றலைக் கணக்கிடு என்றார் அவர். 1957இல் ஜார்ஜ் இர்வின் அதை எஃகுக்கும் பொறியாளர் கைக்கும் ஏற்ற அளவீடாக்கினார். அடுத்து வந்த பால் பாரிஸ், ஒவ்வொரு சுமைச் சுழற்சிக்கும் விரிசல் எவ்வளவு நீளும் என்று சொல்லும் விதியை முன்வைத்தபோது பெரிய ஆய்விதழ்கள் மூன்று திருப்பி அனுப்பின. 1961இல் அது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஓர் இதழில் வெளிவந்தது. இன்று விமானத்தை எத்தனை பறப்புக்கு ஒருமுறை சோதிப்பது என்று முடிவு செய்ய அந்த விதியின் வழிவந்த கணக்குகளே பயன்படுகின்றன.

இதில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம் உண்டா? நிறையவே உண்டு. ஐடிஐயில் வெல்டர், ஃபிட்டர் முடித்தவர்கள் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற இடங்களில் தொழில் பழகுநராகச் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர்களுக்கு நேரடி இரண்டாம் ஆண்டு பொறியியல் சேர்க்கை இருக்கிறது. பொறியியல் முடித்தவர்கள் கேட் தேர்வு எழுதி சென்னை ஐஐடியின் பயன்பாட்டு இயக்கவியல், உயிர்மருத்துவப் பொறியியல் துறைக்குப் போகலாம். அந்தத் தேர்வின் பொறியியல் அறிவியல் தாளில் திடப்பொருள் இயக்கவியல் தனிப் பிரிவாகவே உள்ளது. தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இரண்டிலும் சோர்வும் (திரும்பத் திரும்ப வரும் பாரத்தால் விரிசல் பிறந்து வளர்வது) முறிவும் அன்றாட ஆய்வுப் பொருள்கள். பணம் கட்டிப் படிக்க முடியாதவர்கள் என்பிடெல் இணையப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், தகைவைக் கணக்கிடும் கால்குலிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் பழகலாம். பெண் பிள்ளைகளை இந்தப் பக்கம் அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் ஒன்று சொல்கிறேன்: பாகத்தை உடைக்காமலே விரிசலைத் தேடும் சேதமில்லாச் சோதனைக்கு வேண்டியது பொறுமையும் கூர்ந்த பார்வையும் நேர்மையும்தான்.

அந்தச் சோதனைத் துறையில் ஒரு மோசடி நடக்கிறது. வளைகுடா நாட்டு வேலைக்கு ஆசைப்படும் இளைஞர்களிடம், ஒரே வாரத்தில் எல்லா முறைகளிலும் இரண்டாம் நிலைச் சான்றிதழ் தருகிறோம் என்று பெரும் தொகை வாங்குகிறார்கள். பரவலாகப் புழங்கும் எஸ்என்டி-டிசி-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டு முறையில் சான்றளிப்பது வேலை தரும் நிறுவனத்தின் பொறுப்பு. பயிற்சி மணிநேரம், அனுபவ காலம், எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, கண்பார்வைச் சோதனை எல்லாம் அதற்கு உண்டு. வேலை மாறினால் புதிய நிறுவனம் தன் பொறுப்பில் மறுபடியும் சான்றளிக்க வேண்டும். அனுபவமே இல்லாதவருக்கு அனுபவம் இருப்பதாக எழுதித் தரும் தாளைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். அந்தத் தாளை நம்பி நீங்கள் "சரி" என்று கையெழுத்திடும் குழாயின் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள். ரேடியோகிராபி என்றால் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சியும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளும் சேர்ந்தே வரும். அவை இல்லாமல் கருவியைத் தொடச் சொல்லும் இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நண்பர் ஒருவரின் லேத் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிலர் கூடுகிறோம். ஓய்வுபெற்ற ரயில்வே சூப்பர்வைசர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள், வேலை முடிந்து வரும் வெல்டர்கள். உடைந்த பாகம் ஒன்றை நடுவில் வைத்துவிட்டு, எங்கே தொடங்கியது, ஏன் என்று பேசுவோம். அச்சு ஓடும் ஓசையை வைத்தே குறையைச் சொன்ன பெரியவர்களின் அனுபவம் அவர்களோடு போய்விடாமல் இருக்க, எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். பெரம்பூரிலும் அயனாவரத்திலும் அப்பாவோ தாத்தாவோ பணிமனையில் வேலை பார்த்த வீடுகள் எத்தனை! அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள் பிள்ளைகளே.

வண்டி, படகு, பட்டறை உரிமையாளர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை ஏதாவது உடைந்தால் பழைய இரும்புக் கடைக்கு உடனே போடாதீர்கள். உடைந்த இரு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், வரிகள் அழிந்துவிடும். உலர்ந்த துணியில் தனித்தனியாகச் சுற்றி, எந்த வண்டி, எந்தப் பக்கம், அன்றைய பாரம் எவ்வளவு, முன்பு எங்கே வெல்டிங் செய்தது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். அருகிலுள்ள பாலிடெக்னிக்கின் இயந்திரவியல் ஆசிரியரை அழைத்துக் காட்டுங்கள். துருக்கோட்டை முதலில் பார்த்த கிளீனரையும் அப்போது பக்கத்தில் நிற்க வையுங்கள்.