இனிஷியேட்டர்: தமிழில் ‘தொடக்கி’

லினக்ஸ் சேவையகத்தில் பிணையச் சேமிப்பகத்தை இணைக்கும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் சொல் ‘இனிஷியேட்டர்’. ரெட் ஹேட் வகை விநியோகங்களில் நிறுவும் பொதியின் பெயரிலேயே அது இருக்கிறது. கணினியும் வட்டு போன்ற சாதனங்களும் பேசிக்கொள்ளும் ஸ்கஸி நெறிமுறையில், ஒரு கட்டளையை முதலில் அனுப்பும் முனைக்கு இனிஷியேட்டர் என்று பெயர். அதைப் பெற்று நிறைவேற்றும் முனை ‘டார்கெட்’.

இச்சொல்லின் வேர் லத்தீன். உள்ளே செல்வதைக் குறித்த வினையிலிருந்து தொடக்கம் என்ற பொருளுள்ள ‘இனிஷியம்’ பிறந்தது. அதன் வழியில் வந்தவர் இனிஷியேட்டர், அதாவது தொடங்கிவைப்பவர். டார்கெட் பழைய பிரெஞ்சில் சிறு கேடயம். வட்டக் கேடயத்தைக் குறிவைத்துப் பழகியதில் குறிக்கே அப்பெயர் ஆனது. ‘இலக்கு’ என்ற தமிழ்ச்சொல் அதற்கு அப்படியே பொருந்துகிறது. சிக்கல் இனிஷியேட்டரில்தான்.

இதை ‘வாடிக்கையர்’ என்றோ ‘கட்டுப்படுத்தி’ என்றோ பெயர்ப்பவர்கள் உண்டு. இரண்டும் தவறு. ஷுகார்ட் அசோசியேட்ஸ் உருவாக்கிய இடைமுகத்திலிருந்து வளர்ந்து 1986இல் அமெரிக்கத் தர நிர்ணயமான ஸ்கஸியில், இனிஷியேட்டர் செய்வது சாதனங்கள் பகிரும் தரவுத் தடத்தை (பஸ்) பிடித்து ஓர் இலக்கைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே. அந்தக் கணத்திலிருந்து கட்டளையை எப்போது வாங்குவது, தரவை எப்போது நகர்த்துவது, எப்போது தடத்தை விட்டு விலகி மறுபடி வருவது என்பதையெல்லாம் நடத்துவது இலக்கு. ஸ்கஸி கட்டளைகளை டிசிபி பிணையத்தின் வழியே அனுப்பும் இன்றைய ஐஸ்கஸியிலும் அதே ஒழுங்குதான். எழுதும் கட்டளை போனதும், பேசி ஒத்துக்கொண்ட முதல் தவணை போக மீதியை இனிஷியேட்டர் தன்னிச்சையாக அனுப்ப முடியாது. ‘இந்த இடத்திலிருந்து இத்தனை பைட் அனுப்பு’ என்று இலக்கு கேட்ட பிறகே அனுப்பும். தன் இடையகம் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) எவ்வளவு கொள்ளும் என்பது இலக்குக்குத்தானே தெரியும். ஆக, இது தொடங்குகிறது, நடத்துவதில்லை. இந்த வரம்பைச் சரியாகப் பிடிக்கும் சொல் ‘தொடக்கி’.

சொல்லாக்கமும் நேரானது. இயங்கு, இயக்கு, இயக்கி. அதேபோல் தொடங்கு, தொடக்கு, தொடக்கி. ‘விழாவைத் தொடக்கி வைத்தார்’ என்பதில் இவ்வினை இன்றும் புழங்குகிறது. ஆளைக் குறித்தால் இயக்குநர், மென்பொருளைக் குறித்தால் இயக்கி என்று பிரிப்பதுபோல இங்கும் தொடங்குநர் வேறு, தொடக்கி வேறு. சிலர் எழுதும் ‘துவக்கி’யைத் தவிர்ப்பது நல்லது. கணினி உயிர்பெறும் ‘பூட்’ நிலைக்குத் ‘துவக்கம்’ என்பது பரவலாகிவிட்டது. சேமிப்பகத்திலிருந்தே துவங்கும் சேவையகத்தைப் பற்றி எழுதும்போது இரண்டும் மோதும். ஈழத்தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி என்பதையும் மறக்க வேண்டாம்.

தொடக்கி என்பது ஒரு பாத்திரம். பொருளின் பெயர் அன்று. சேமிப்பகத்துக்கான அதிவேகப் பிணையமான ஃபைபர் சேனலில் இணைக்கும் கியூலாஜிக் அட்டைக்கான லினக்ஸ் இயக்கியில், அட்டை தொடக்கியாக இருக்க வேண்டுமா, இலக்காக இருக்க வேண்டுமா, இரண்டுமாகவா என்று தீர்மானிக்க ஓர் அளவுருவே இருக்கிறது. அதே அட்டை, அதே கம்பி. எனவே அட்டையையே ‘தொடக்கி’ என்று எழுதக்கூடாது. இவ்வட்டைகளில் பல, தமக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை லினக்ஸிலிருந்தே பெறுகின்றன. அக்கோப்பு, கணினி துவங்கும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் துவக்கநிலை ராம் பிம்பத்தில் இல்லையென்றால் இயக்கி ஏறியும் வட்டு தென்படாது, துவக்கம் பாதியில் நின்றுவிடும். ஃபர்ம்வேர் பொதியை நிறுவி, பிம்பத்தை மறுபடி உருவாக்குவதே தீர்வு.

ஐஸ்கஸியில் தொடக்கி பெரும்பாலும் முழுக்க மென்பொருள். கெர்னலில் டிசிபி வழி இயக்கி, அதற்கு வெளியே அமர்வுகளைக் கவனிக்கும் ஒரு பின்னணிச் சேவை. ஃப்ரீபிஎஸ்டியில் 10.0 பதிப்பு முதல் தொடக்கியும் இலக்கும் புதிதாக எழுதப்பட்டு அடிப்படை அமைப்பிலேயே வருகின்றன. இலக்கு 3260ஆம் துறையில் காத்திருக்கும். தொடக்கி முதலில் ‘என்னென்ன இலக்குகள் உண்டு’ என்று கேட்டுக் கண்டறியும், பிறகு உள்நுழையும், அதன்பின் வட்டு ஒன்று தோன்றும்.

ஒவ்வொரு தொடக்கிக்கும் ஒரு பெயர் உண்டு. ஐக்யூஎன் என்ற முன்னொட்டு, ஆண்டும் மாதமும், தலைகீழான இணையப் பெயர், பிறகு தனித்த ஒரு குறி. மொத்தம் 223 பைட்டுக்குள். எட்சி அடைவில் ஐஸ்கஸி துணை அடைவில் இது ஒரு கோப்பில் கிடக்கிறது. மெய்நிகர் கணினியை நகலெடுக்கும்போது இக்கோப்பும் சேர்ந்து நகலாகிறது. இரண்டு கணினிகள் ஒரே பெயரில் வந்தால் இலக்கு, ‘பழைய தொடக்கியே மறுபடி வருகிறது’ என்று கருதி முதல் அமர்வை முடித்துவிடும். வெளியேற்றப்பட்ட கணினி உடனே திரும்ப நுழைந்து மற்றதை வெளியேற்றும். பதிவேட்டில் சில நொடிக்கொரு முறை இணைப்பு அறுந்து மீள்வது தெரிந்தால், கம்பியையும் சுவிட்சையும் சந்தேகிக்கும் முன் இப்பெயரைப் பாருங்கள். நகலில் அமர்வை வெளியேற்றி, புதுப் பெயர் உருவாக்கிக் கோப்பில் எழுதி, சேவையை மறுதொடக்கம் செய்து, சேமிப்பகத்தின் அனுமதிப் பட்டியலிலும் அதைச் சேர்க்க வேண்டும். கடைசிப் படியை விட்டால் உள்நுழைவு மறுக்கப்படும். அல்லது உள்நுழைவு நடந்தும் வட்டு எதுவும் வராது.

இன்னொன்றும் பலரைத் தடுமாற வைக்கிறது. தானாக உள்நுழையும்படி முதன்மை அமைவுக் கோப்பில் மாற்றினாலும், முன்பே கண்டறிந்த இலக்குகளுக்கு அது பொருந்தாது. கண்டறிந்த நேரத்து அமைவை ஒவ்வொரு இலக்கின் பதிவும் தனியே வைத்திருக்கிறது. அப்பதிவையும் திருத்த வேண்டும். இணைப்பு அறுந்தால் காத்திருக்கும் இயல்பு நேரம் 120 நொடி. ஒரே வட்டுக்குப் பல வழிகள் வைத்திருப்பவர்களுக்கு இது மிக அதிகம். அவ்வளவு நேரமும் எழுத்து தேங்கி நிற்கும். 5 நொடி அளவுக்குக் குறைத்தால் அவ்வழிகளை நிர்வகிக்கும் பன்வழி அடுக்கு உடனே மாற்றுவழியில் போகும்.

2016இல் வெளிவந்த, திடநிலை வட்டுகளுக்கான என்விஎம்இயைப் பிணையத்துக்கு விரித்த நெறிமுறை இனிஷியேட்டர் என்ற சொல்லைக் கைவிட்டு ‘ஹோஸ்ட்’ என்கிறது. அதற்கு ‘புரவலர்’ போன்ற சொற்கள் உண்டு. அங்கே தொடக்கி என்று எழுத வேண்டாம். ஸ்கஸி வழிவந்தவற்றுக்கு, அதாவது ஐஸ்கஸி, ஃபைபர் சேனல், சாஸ் (தொடர்நிலை இணைப்பு ஸ்கஸி) ஆகியவற்றுக்கு மட்டும் தொடக்கி, இலக்கு என்ற இணையை வைத்துக்கொள்ளலாம்.