அறுபது நாளுக்குள் எழுதுங்கள்

போன ஆடி மாதம் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பைக்குள்ளிருந்து கோடு போட்ட முழுத்தாள் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நானூறுக்கு மேல் கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் கைநாட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரோ உருண்டை உருண்டையாகப் பெயரை எழுதிக் கொடுத்திருந்தது.

"வக்கீலம்மா, ஊரே கையெழுத்துப் போட்டிருக்கு. பெரியாத்துத் தண்ணி பாயுற நஞ்சை. அதைத் தொழிற்சாலைப் பகுதின்னு மாத்திப்புட்டாக. கோர்ட்டுல ஒரு தடை மட்டும் வாங்கிக் குடுங்க."

"இந்தக் கையெழுத்தெல்லாம் எப்ப வாங்குனீங்கய்யா?"

"அவுக குடுத்த கடைசித் தேதிக்கு மூணு வாரம் கழிச்சுத்தான். அதுக்கு முன்னாடி எங்களுக்கு யாரு சொன்னா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வரைவுத் திட்டம் அரசிதழில் வந்திருந்தது, நாளிதழிலும் வந்திருந்தது. நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும், தந்திருந்தார்கள். சித்திரைத் திருவிழா, அறுவடை, கல்யாணம் என்று அந்த இரண்டு மாதமும் ஓடிப்போய்விட்டது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறந்ததிலிருந்து இங்கே வழக்கு நடத்துகிறேன். இத்தனை வருடத்தில் அரசின் கொள்கை முடிவை எதிர்த்து என்னிடம் வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இப்படிக் கெடு முடிந்த பிறகு வந்தவர்கள்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீதிமன்றத்தைப் பற்றி நம் மக்களுக்குப் பெரிய நம்பிக்கை இருக்கிறது. நல்லதுதான். ஆனால் இந்தத் திட்டம் நல்லதா, இதைவிட நல்லது வேறு உண்டா என்று நீதிபதிகள் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள். அது அரசின் வேலை என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் பார்ப்பது சில விஷயங்களைத்தான்: சட்டத்தில் அதிகாரம் இருந்ததா, அரசியல் சாசனத்துக்கு முரணா, மனம்போன போக்கில் எடுத்த முடிவா, சொன்ன முறைப்படி நடந்ததா. இதில் கடைசிக் கேள்விதான் எங்களுக்குக் கைகொடுப்பது.

ஓர் உதாரணம். சாலை, குழாய்ப் பாதை போன்ற நீண்ட திட்டங்களுக்குச் சாதாரண மண் அள்ள முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 மார்ச் 28 அன்று ஒரு அறிவிக்கை போட்டது. ஊரடங்கு தொடங்கி நான்காவது நாள். நான்குவழிச் சாலைக்குக் கிராவல் போன வழியெல்லாம் ஊரணியும் கண்மாய்க் கரையும் என்ன ஆயின என்று நம் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி இப்படிப்பட்ட மாற்றத்துக்கு முதலில் வரைவு வெளியிட்டு, 60 நாள் ஆட்சேபம் கேட்க வேண்டும். பொதுநலன் கருதி அதைத் தவிர்க்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. அப்படித்தான் தவிர்த்தார்கள். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. மக்களிடம் கேட்காமல் விட்டதற்குச் சரியான காரணம் சொல்லப்படவில்லை என்பது அதற்கு முக்கியமான காரணம். மக்களைக் கேட்பது வெறும் சடங்கு இல்லை என்று காட்ட நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் தீர்ப்பு இது.

ஒரு கொள்கை பிறக்கும் இடம் எவ்வளவு சிறியது என்பதற்கு ஜல்லிக்கட்டு ஊரான அலங்காநல்லூரைவிட நல்ல சாட்சி வேண்டாம். 2011 ஜூலை 11 அன்று மத்திய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டது. காட்சிப்படுத்தவும் பழக்கவும் கூடாத விலங்குகளின் பட்டியலில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றோடு காளையும் சேர்ந்தது. சேர்ந்தது ஒரே ஒரு சொல். வாடிவாசலில் நின்றவர்கள் யாரும் அன்றைக்கு அரசிதழைப் படித்துக்கொண்டிருக்கவில்லை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது அந்த ஒரு சொல் மலையாக நின்றது. அதை நகர்த்த 2017 ஜனவரியில் தமிழ்நாடே தெருவுக்கு வர வேண்டியிருந்தது; மாநில அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. அந்தத் திருத்தம் செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு சொன்னது 2023 மே 18 அன்று. ஒரு சொல்லுக்குப் பன்னிரண்டு வருடம்.

மேலூர் பக்கம் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்க விவகாரத்தில் ஊரும் நாளும் நமக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.215 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாநிலத்திலேயே முதல் தலம். தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு, குடைவரைக் கோயில், சுனைகள், வல்லூறு கூடு கட்டும் பாறை எல்லாம் இருக்கிற இடம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் டெல்லியில் கனிமச் சட்டம் திருத்தப்பட்டது. முக்கியக் கனிமங்கள் என்று 24 பெயர்களைக் கொண்ட பட்டியல் ஒன்று சட்டத்தில் சேர்ந்தது, அதில் டங்ஸ்டனும் உண்டு. அந்தக் கனிமங்களை ஏலம் விடும் உரிமை மாநிலத்திடமிருந்து மத்திய அரசுக்குப் போனது. வருமானம் மட்டும் மாநிலத்துக்கு. 2024-இன் முதல் பாதியிலேயே அந்தத் தலமும் உள்ளே வரும்படி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று சுரங்கத்துக்காக எல்லை குறித்த நிலப்பகுதி ஏல அறிவிப்பில் வந்துவிட்டது. பரப்பு 2,015.51 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறத்தாழ ஐயாயிரம் ஏக்கர். நவம்பர் 7 அன்று ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானது என்று அறிவித்தார்கள்.

மேலூர் வட்டாரம் கண் விழித்தது அதற்குப் பிறகு. நவம்பர் 23 கிராம சபைகளில் தீர்மானம், டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தனித் தீர்மானம், ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் நடை. 2025 ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. ஏல முடிவிலிருந்து எண்ணினால் 77 நாள்.

அந்த நடைபயணத்தில் வந்த ஆச்சிகளின் வெடித்த பாதங்களை நான் பார்த்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, ஆற்றாமையும் உண்டு. சட்டத் திருத்தத்துக்கும் ஏல முடிவுக்கும் இடையே பதினைந்து மாதம் இருந்தது. அந்தப் பதினைந்து மாதத்தில், இந்தத் தொகுதியின் எல்லைக்குள் பாரம்பரியத் தலம் வருகிறது என்று சர்வே எண்ணோடு நம் மாவட்டத்திலிருந்து நூறு கடிதம் போயிருந்தால் அந்த ஆச்சிகள் நடந்திருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சட்டம் படித்த நாங்களும் அந்த அறிவிப்பைக் கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள். 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்திலிருந்து வந்த ஒரு அலுவலகக் குறிப்பாணை, அணுக் கனிமங்களுக்கும் இந்த முக்கியக் கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்டுவதற்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று விலக்குக் கொடுத்தது. பந்தல் போட்டு, ஆட்சியர் முன்னிலையில் மைக்கைப் பிடித்துப் பேசும் அந்த வாய்ப்பு இவற்றுக்கு இனி இல்லை. அப்படியானால் அதற்கு முந்தைய கட்டங்களை நாம் கூர்ந்து பார்த்தாக வேண்டும்.

மக்கள்நலத் திட்டங்களின் வழி வேறு. அவை பெரும்பாலும் சட்டமாக வருவதில்லை, அரசாணையாக வரும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளி. துறை கோப்பு தயாரித்து, நிதித்துறை ஒப்புக்கொண்டு, அமைச்சர் கையெழுத்திட்டு, அரசாணை எண் விழுந்தால் திட்டம் ஓடத் தொடங்கிவிடும். வரைவு, ஆட்சேபம் எதுவும் கிடையாது. திட்டத்தின் உயிர் அரசாணையின் இணைப்பில் இருக்கும் தகுதி நிபந்தனைகளில் இருக்கிறது.

மகளிர் உரிமைத்தொகை வந்த புதிதில் செல்லூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் இல்லை, வீட்டு வேலை செய்து பிழைப்பவர். விண்ணப்பம் தள்ளுபடி. காரணம், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். அவர் வீட்டில் இருந்தது ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு பழைய டிவி. விசாரித்தால் அது ஒண்டுக்குடித்தனம். நான்கு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர். அந்த நான்கு குடும்ப அட்டைகளையும் மின்கட்டண ரசீதையும் சேர்த்து, கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு எழுதினோம். 30 நாள் கெடுவில் அவர் வந்தது 24-ஆம் நாள். நேரில் வந்து பார்த்தார்கள், பணம் வந்தது. வராமல் போனவர்கள் அதே சந்தில் எத்தனை பேரோ.

அந்த 3,600 என்ற எண்ணை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார். ஒரு மீட்டர் என்றால் ஒரு குடும்பம் என்று நினைத்திருப்பார். திட்டத்தை நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது 2023 மார்ச். நிபந்தனைகள் வந்தது ஜூலை. நடுவிலிருந்த மூன்று மாதத்தில் செல்லூரிலிருந்தும் ஆரப்பாளையத்திலிருந்தும் குடித்தனக்காரர்கள் ஒரு கடிதம் போட்டிருக்கலாம். அறிவிப்புக்கும் அரசாணைக்கும் நடுவில் கிடைக்கும் காலம்தான் நலத்திட்டங்களில் நமக்குரிய காலம். எந்தத் துறை என்ன நினைக்கிறது என்பதை ஊகிக்கவும் தேவையில்லை. மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைக்கான நிதி ஒதுக்கீட்டு விவாதத்தின்போது, ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே அரசு இணையதளத்தில் கிடைக்கிறது. வருடத்துக்கு ஒரு முறையாவது உங்கள் தொழிலுக்குரிய துறையின் குறிப்பைப் படித்துவிடுங்கள்.

பொருளாதாரக் கொள்கையிலும் வெளியுறவிலும் வாசல் குறுகல். சமையல் எண்ணெய் இறக்குமதி வரியைப் பாருங்கள்: கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு 2024 செப்டம்பரில் அடிப்படை வரி 20 சதவீதமானது, 2025 மே இறுதியில் 10 சதவீதத்துக்கு இறங்கியது. ஒரே இரவில் வரும் அறிவிக்கை. உசிலம்பட்டிப் பக்கம் கடலை போட்டவரை யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவது மத்திய அரசின் அதிகாரம், நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவை என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை. ஜிஎஸ்டி மன்றத்தில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்களுக்கெல்லாம் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். இங்கெல்லாம் தனி ஆள் கடிதத்தைவிட வணிகர் சங்கம், விவசாயிகள் சங்கம், நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகப் போவது பலன் தரும். துறைவாரியாக 24 நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் இருக்கின்றன. ஒரு மசோதாவை ஆராயும்போது பொதுமக்களிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்டு அவை விளம்பரம் கொடுப்பதுண்டு.

மொழியும் ஒரு தடைதான். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது, அதை எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளில் பெயர்த்துத் தரச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. ஆகவே ஆங்கிலத்தில் இருக்கிறது என்று ஒதுங்காதீர்கள். தமிழில் ஆட்சேபம் எழுதலாம். தமிழில் கேட்கவும் செய்யலாம்.

எப்படி எழுதுவது என்பதுதான் எல்லாரும் என்னிடம் கேட்பது. "இத்திட்டத்தால் எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கும், எனவே கைவிட வேண்டும்" என்று ஆயிரம் பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போட்டால், கோப்பில் அது ஒரே ஒரு ஆட்சேபமாகத்தான் பதிவாகும். ஒரு விவசாயி, "என் பெயரில் இந்த சர்வே எண்ணில் 1 ஏக்கர் 40 சென்ட் நஞ்சை, இந்த மடையில் பாய்கிறது, வருடம் ஒரு போகம் நெல், அதற்கு அடங்கல் (பயிர்க் கணக்கு) நகல் இணைத்திருக்கிறேன், வரைவின் வரைபடத்தில் இந்த மடையே இல்லை" என்று எழுதினால், அதற்கு அதிகாரி பதில் எழுதியாக வேண்டும். பதில் எழுதாவிட்டால் நாளைக்கு நீதிமன்றத்தில் அந்தத் தாள்தான் பேசும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அது தொடர்பான விவரங்களை அரசே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. வெளியிடவில்லையா, 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கிராம சபையை லேசாக நினைக்காதீர்கள். நம் மாநிலத்தில் வருடத்துக்கு ஆறு நாள் கூட வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். தீர்மானப் புத்தகத்தில் வாசகம் எழுதி முடிக்கும் முன் கையெழுத்துப் போடும் பழக்கம் பல ஊரில் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள். எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லி, அதன் பிறகு போடுங்கள்.

பெரியவருக்குத் தடை வாங்கித் தர முடியும் என்று நான் சொல்லவில்லை. மறுபரிசீலனை கேட்டு மனுப் போடலாம், அதற்கு ஊரிலிருந்து இன்னின்ன தாள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். போன வாரம் திரும்ப வந்தார். கூட அவர் பேத்தி, கல்லூரியில் இரண்டாமாண்டு. உருண்டைக் கையெழுத்து அந்தப் பிள்ளையுடையதுதான். நாற்பத்தாறு பட்டா நகல், அடங்கல், மடைக்கு மடை எடுத்த புகைப்படம், அதன் கீழே சர்வே எண். "அக்டோபர் 2 கிராம சபைக்குத் தீர்மானமும் எழுதிட்டேன் மேடம், சரியா பாருங்க" என்று ஒரு நோட்டை நீட்டியது. மூன்றாவது வரியில் ஒரு சர்வே எண்ணின் உட்பிரிவு மட்டும் விட்டுப்போயிருந்தது. சேர்க்கச் சொன்னேன்.