ஒரு கிரவுண்டில் எவ்வளவு கட்டலாம்? எஃப்எஸ்ஐ விதியும் ஃபிளாட் விலையும்

சென்னையில் ஃபிளாட் விலை பற்றிப் பேச்சு வந்தாலே சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், கூலி என்றுதான் ஆரம்பிப்போம். இவற்றுக்கு ஆகும் செலவு தாம்பரத்திலும் தி.நகரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் மனை விலையில் இருக்கிறது. அந்த மனை விலையை எத்தனை சதுர அடி பங்குபோட்டுக்கொள்ளலாம் என்பதை அரசு விதி தீர்மானிக்கிறது. விதிப் புத்தகத்தில் அதற்குத் தளப்பரப்புக் குறியீடு என்று பெயர். பில்டர் முதல் புரோக்கர் வரை எல்லோருக்கும் எஃப்எஸ்ஐ.

மனைப் பரப்பை எஃப்எஸ்ஐ-ஆல் பெருக்கினால், எல்லா மாடிகளும் சேர்த்து எவ்வளவு கட்டலாம் என்பது கிடைக்கும். தூண்கள் மேல் கட்டடத்தை நிறுத்தி, கீழே வண்டிகளுக்கு விடும் ஸ்டில்ட் பார்க்கிங் இந்தக் கணக்கில் வராது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பிப்ரவரியில் வந்தன. 18.30 மீட்டர் உயரம் வரையிலான கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்த எஃப்எஸ்ஐ அப்போது 2 ஆனது. அதற்கு மேல் உயரும் அடுக்குமாடிகளுக்கு 2.5 என்பது 3.25 ஆனது.

பேச்சுக்கு ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனை, 1 கோடியே 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய 1.5 கணக்கில் 3,600 சதுர அடி கட்டலாம். சதுர அடிக்கு நிலத்தின் பங்கு மட்டும் சுமார் 3,333 ரூபாய். 2 என்றால் 4,800 சதுர அடி. நிலத்தின் பங்கு 2,500 ரூபாய். 800 சதுர அடி ஃபிளாட்டுக்கு ஆறரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம். ஒரு செங்கல்கூட மாறவில்லை, விதியில் ஓர் எண் மட்டும்தான் மாறியது.

அந்த ஆறரை லட்சம் வாங்குபவர் கைக்கு வந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. 4,800 கட்டலாம் என்பது மனைக்காரருக்கும் தெரியும். மறுநாளே நிலத்தின் விலையைக் கூட்டிச் சொல்வார், நிலம் தன்னுடையது, கட்டுவது பில்டர் என்ற ஜாயின்ட் வென்ச்சர் என்றால் கூடுதலாக ஒரு ஃபிளாட் கேட்பார். ஓரிரு மனைகளுக்கு மட்டும் சலுகை என்றால் லாபம் நிலத்துக்குத்தான் போகும். ஊர் முழுக்கத் தாராளமாகக் கட்ட முடிந்து, பில்டர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போடும் நிலை வந்தால்தான் விலை அசையும் என்பது என் கணிப்பு.

ஊர் முழுக்கக் கட்டத் தடையாக இருப்பவை செட்பேக்கும் (மனை எல்லையிலிருந்து விட வேண்டிய காலி இடம்) சாலை அகலமும். 40-க்கு 60 மனையில் நாலு பக்கமும் ஐந்தடி விட்டால் ஒரு மாடிக்குக் கிடைப்பது 1,500 சதுர அடி. ஸ்டில்டுக்கு மேல் மூன்று மாடி போட்டாலும் 4,500-தான். காகிதத்தில் அனுமதித்த 4,800-ஐயே தொட முடியவில்லை. வழக்கமான அளவுக்கு மேல் கட்ட, காசு கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்எஸ்ஐ சாலையைப் பொறுத்தது: 9 மீட்டர் முதல் 12 மீட்டருக்குள் 30 சதவீதம், 12 முதல் 18-க்குள் 40, அதற்கு மேல் 50. 9 மீட்டர் என்பது கிட்டத்தட்ட முப்பதடி ரோடு. இருபதடித் தெருவில் மனை வைத்திருப்பவருக்கு இந்த வாசல் மூடியே இருக்கிறது. தண்ணீர் லாரியும் தீயணைப்பு வண்டியும் நுழைய வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் அதனாலேயே சின்னத் தெருக்களில் வீடு பெருகுவதில்லை.

எளியவர்களுக்கென்று விதியில் நேரடியாகவும் சிலது உண்டு. 2008-ல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய குடியிருப்புத் திட்டங்களில் பத்து சதவீத இடத்தைக் குறைந்த வருவாய்ப் பிரிவினரின் வீடுகளுக்கு ஒதுக்கச் சொன்னது. லேஅவுட் வரைபடத்தில் இ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்) என்று குறித்த சின்ன மனைகளும் அந்த வகைதான். இவற்றில் இரண்டை வாங்கி ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொன்னால் நம்ப வேண்டாம், சேர்க்க அனுமதி கிடையாது.

சொந்த வீடு கட்டுபவர்களுக்கு 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை உதவும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனே அனுமதி எடுக்கலாம். செட்பேக்கும் நில உபயோகமும் சரியாக இருக்கும் பொறுப்பு உங்களுடையது. விவசாய உபயோகத்தில் இருக்கும் மனையை "பின்னால் மாற்றிக்கொள்ளலாம்" என்ற வாய்வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். சர்வே எண்ணைக் கொடுத்து சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இணையதளத்தில் லேண்ட் யூஸ் பார்த்துவிடுங்கள்.

ஃபிளாட் வாங்குபவர்கள் யுடிஎஸ், அதாவது மனையில் உங்கள் பெயருக்கு வரும் பிரிபடாத பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள். எஃப்எஸ்ஐ கூடினால் அதே மனையில் கட்டடப் பரப்பு கூடும், பிரிபடாத நிலப் பங்கு சுருங்கும். முப்பது வருடம் கழித்து இடித்துக் கட்டும்போது பேரம் பேச உங்களிடம் இருப்பது அந்தப் பங்குதான். 2024-ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும். பழைய 1.5 கணக்கில் எழும்பிய கட்டடங்களின் வாசலுக்கு பில்டர்கள் தேடி வருவதற்கு, பயன்படுத்தாமல் கிடக்கும் இந்த மீதி எஃப்எஸ்ஐ-யும் ஒரு காரணம்.