ஊழியக்காரருக்கும் வேண்டும் ஒரு பூட்டிய கதவு

ஞாயிறு ஆராதனை, வாரநாளில் வீட்டுக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், நடுவில் ஒரு முழு இரவு ஜெபம். வேலூர்ப் பக்கத்துச் சபைகளில் ஈடுபாடாக இருக்கிறவர்களின் வாரம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. ஆலோசனைக்கு வரும் விசுவாசிகளில் பலர் எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் போகிறவர்கள். ஆனால் ஆண்டவர் முன்பாகத் தனியாக உட்கார்ந்து மாதக்கணக்காகியிருக்கும். முதலில் வெளியே தெரிவது எரிச்சல்தான், வீட்டில் பிள்ளைகள்மேல், சபையில் உடன் ஊழியர்மேல்.

மாற்கு முதல் அதிகாரத்தைப் பாருங்கள். சாயங்காலம் பட்டணத்தார் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். மறுநாள் இருட்டோடே எழுந்து இயேசு தனியிடத்துக்குப் போய் ஜெபித்தார். "எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்" என்று சீமோன் வந்து நின்றபோது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். கூட்டம் கூப்பிடுகிறதே என்று அவர் திரும்பிப் போகவில்லை. தனித்திருக்கிறவருக்குத்தான் இப்படி மறுக்க முடிகிறது.

இது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. பழைய வட ஆற்காட்டின் திருப்பத்தூரில் 1921-இல் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் மருத்துவர்கள். ஜெபவாழ்வையும் நோயாளிகளைப் பார்ப்பதையும் ஒரே இடத்தில் வைத்தார்கள்.

இப்படித் தனித்து ஜெபிக்கத் தொடங்க 20 நிமிடம் போதும். ஒற்றை அறை வீடென்றால் மொட்டை மாடி. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். போனை வேறு அறையில் வையுங்கள். வேதாகமம் அச்சுப் பிரதியாகவே இருக்கட்டும், ஏனென்றால் செயலியைத் திறந்தால் வாட்ஸ்அப்பும் கூடவே வரும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாதீர்கள். பிறகு ஒரு சிறு சங்கீதம்; 131-க்கு மூன்றே வசனங்கள். இரண்டு முறை மெதுவாக வாசித்து, மனதில் இருப்பதை அவரிடம் சொல்லுங்கள். மிச்ச நேரம் அமர்ந்திருங்கள். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வேண்டும். "கேஸ் புக் பண்ணணும்", "ஸ்கூல் ஃபீஸ்" என்று மனம் ஓடும்போது எழுதி வைத்தால் அது விட்டுவிடும்.

பெண்களுக்கு உண்மையான தடை பக்திக்குறைவு அல்ல, அடுப்படி. பால் காய்ச்சி, டிபன் கட்டி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து முடிக்கும்போது மணி எட்டாகிவிடும். "இன்னும் சீக்கிரம் எழுந்திரும்மா" என்று புத்தி சொல்வது அநியாயம். அவர் ஏற்கெனவே தூக்கம் போதாதவர். அந்த 20 நிமிடம் கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த நேரம் என்று முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவுசெய்ய வேண்டும். ஆயர்கள் இதை ஆண்களிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். நைட் டியூட்டி முடிந்து வரும் நர்ஸ்களும் முதலில் தூங்கட்டும், எழுந்த பிறகு உட்காரலாம்.

உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறோமே என்று பலர் குற்ற உணர்வோடு கேட்கிறார்கள். சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று கேட்டுப் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா திரும்பவும் தூங்கினார். மறுபடி எழுப்பிப் போஜனம் கொடுத்தான். ஆண்டவரின் மெல்லிய சத்தம் கேட்டது அதற்கும் 40 நாள் பயணத்துக்கும் பிறகுதான்.

இன்னொரு சிக்கல், சில நாளிலேயே பழைய காயங்களும் கோபங்களும் மேலே வரும். "எனக்கு இது ஒத்துவரவில்லை" என்று பலர் விடுவது இங்கேதான். இரைச்சல் மூடி வைத்திருந்ததுதான் இப்போது தெரிகிறது. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, தொடருங்கள். ஊழியர்களுக்குக் கண்ணி வேறு: அந்த நேரம் மெல்லப் பிரசங்கக் குறிப்பு எடுக்கும் நேரமாகிவிடும். பேனாவைக் காகிதத் துண்டோடு நிறுத்துங்கள்.

எல்லாருக்கும் இப்போதே தனிமை நல்லதல்ல. முடித்துவிட்டு மனிதர்களிடம் திரும்ப மனம் வருகிறதா என்று கவனியுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டு, ஆராதனைக்கும் வராமல், கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறவரைத் தனியே ஜெபிக்க அனுப்பாதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாக வேண்டும் என்று அவர் பேசினால் ஒரு நிமிடமும் தனியே விடாமல், அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலிமனாஸின் எண் 14416, எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.