தண்டுவடத்தில் அடிபட்டவர் வீடு திரும்பிய பிறகு

தென்னையிலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டவரின் குடும்பம் எங்களிடம் முதலில் கேட்பது, "எப்போ சார் நடப்பார்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் பிசியோதெரபிஸ்டாக நான் பார்த்தவரை, வீட்டுக்குப் போனவர்களை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது படுக்கைப்புண்ணும் மூத்திரத் தொற்றும்தான். இரண்டையும் பெரும்பாலும் வீட்டிலேயே தடுக்கலாம்.

ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நமக்குக் கடுக்கும், தன்னால் நகர்ந்துகொள்வோம். உணர்ச்சி போனவருக்கு அது தெரியாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, தோல் அழுகத் தொடங்கும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியிலும். காற்றுப்படுக்கை வாங்கியாச்சே என்று விட்டுவிடாதீர்கள். வீல்சேரில் இருந்தால் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி எழும்பவோ நன்றாக முன்னால் சாயவோ வேண்டும்.

தினமும் துடைத்துவிடும்போது வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் எல்லாவற்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம் மாநிறத் தோலில் சிவப்பு தெரியாமலும் போகும். சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்து, சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தின் மேல் பாரம் விழாமல் படுக்கவையுங்கள். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கவே கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் அதையும் பிடித்துவிடாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் மூத்திரம். நிரந்தரமாக டியூப் வைத்திருப்பதைவிட, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு எடுத்துவிடும் முறை பலருக்கு நல்லது. அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் 1972-ல் இதைப் பரவலாக்கினார். சோப்புப் போட்டுக் கை கழுவினால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறையுங்கள். மூத்திரத்துக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தாதீர்கள்.

நெஞ்சின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென மண்டை பிளக்கும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது. முதலில் நிமிர்த்தி உட்காரவைத்து உடையைத் தளர்த்துங்கள். மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா, டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இரு கால்களும் செயலிழந்த பின், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கவும் அவரே காரணம். நடக்க முடியாதவர் வேலைக்குத் திரும்ப முடியும் என்று நான் சொல்லும்போது வெறும் ஆறுதலாகச் சொல்வதில்லை.

கை வேலை செய்கிறவராக இருந்தால், கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். தன் முதுகையும் இடுப்பையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். டியூப் போடவும் அவரே கற்றுக்கொள்ளட்டும். டிஸ்சார்ஜுக்கு முன்பே இதையெல்லாம் சொல்லித்தரச் சொல்லி வார்டில் கேளுங்கள்.