கார் ‘பறிமுதல்’ ஆவதில்லை

மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவரின் கார் என்றாலே, செய்தியில் “பறிமுதல்” என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. குற்றத்துக்காக அரசு எடுத்துக்கொள்வதே பறிமுதல். மணல் கடத்திய லாரிக்குப் பொருந்தும். கடனைக் கட்ட முடியாமல் நொடித்தவரின் காரை விற்ற பணமோ அவருடைய கடனைக் கழிக்கப் போகிறது.

‘ஜப்தி’யும் சரியில்லை. அரபு வேர்ச்சொல், உருது வழியாக வந்தது. சட்டத் தமிழில் ‘பற்றுகை’. தீர்ப்பான கடனை வசூலிக்க நீதிமன்றம் சொத்தை முடக்குவது அது. நொடிப்பில் நடப்பது வேறு. 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி, ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்ததுமே சொத்து நீதிமன்றத்துக்கோ, அது அமர்த்தும் சொத்துப் பொறுப்பாளரான ரிசீவருக்கோ போய்விடும். சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே ரிசீவரின் இடத்தில் அபிஷியல் அசைனி என்ற அதிகாரி. சொத்து இப்படிப் போய்ச் சேருவதற்கு ‘உரித்தாதல்’ என்ற சொல் போதும்.

தவணை பாக்கிக்காக ஃபைனான்ஸ்காரர் வண்டியைத் தூக்கினால் அது வேறு. இதை, ஆங்கில ‘ரிபொசெஷன்’ என்ற சொல்லைப் பார்த்து, ‘மறு உடைமை’ என்று மொழிபெயர்க்கிறார்கள். யாருடைய உடைமை மறுபடி யாருக்கு? ஹயர் பர்ச்சேஸில் கடைசித் தவணை வரை உரிமையாளர் ஃபைனான்ஸ்காரர்தான். அங்கே ‘மறு’வுக்கு நியாயம் உண்டு. இன்றைய வங்கிக் கார் கடன் பெரும்பாலும் ஹைப்பாதிகேஷன். கார் வாங்கியவருக்கே சொந்தம், அவர் கையிலேயே இருக்கிறது. வங்கிக்கு அதன்மேல் ஈட்டுரிமை மட்டும், அது ஆர்.சி.யில் பதிவாகும். என்றுமே தன் கையில் இல்லாததை வங்கி எப்படி ‘மறுபடி’ உடைமையாக்கும்? அகராதியில் முன்னொட்டைத் தேடி ஒட்டுகிறவர்கள் ஒருமுறை ஆர்.சி.யைப் புரட்டியிருக்கலாம். ‘கைப்பற்றல்’ என்றால் எவருக்கும் விளங்கும். ‘அடகு’ என்பதும் ஆகாது. அடகில் பொருள் கடன் கொடுத்தவரிடம் இருக்கும்.

சொல் பிசகினால் பணமும் பிசகும். ஒருவர் நொடித்தாலும் ஈட்டுரிமை உள்ள வங்கி தன் ஈட்டை விற்றுக்கொள்ள 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28(6) பிரிவு இடம் தருகிறது. விற்று மிஞ்சினால் மிச்சம் ரிசீவருக்கு. குறைந்தால் அந்தத் தொகைக்கு வங்கியும் ஈடில்லாத மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். கடனில்லாத கார் என்றால் ரிசீவரே விற்றுப் பங்கிடுவார். ‘பறிமுதல்’ என்று படித்தவருக்கு இந்த மிச்சக் கணக்கைக் கேட்கவே தோன்றாது.

பறிமுதலுக்குப் பயந்து காரை மைத்துனர் பெயருக்குச் சும்மா மாற்றுகிறவர்களும் உண்டு. மாற்றிய இரண்டு ஆண்டுக்குள் நொடிப்பு மனு தாக்கலாகி, அதன்பேரில் அவர் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், அதே சட்டத்தின் 53ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்யலாம்.